சுழி வந்து நின்ற இடம்

என் மனைவியின் தலையில் இரண்டு சுழிகள் இருந்தன. இரட்டைச் சுழி என்றால் இரண்டு தாலி என்று ஊரில் சொல்வார்கள். கலியாணம் பேசிய நாளில் மாமி அதை மறைக்காமல் சொல்லிவிட்டார். என் தாய் யோசித்தார். நான் பேசாமல் இருந்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு எப்போதுமே பேச்சு குறைவு. மாமியோடு நேரே பேசியதே கிடையாது. எங்கள் பக்கத்தில் மருமகன் முற்றத்துக்கு வந்தால் மாமி குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவார். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். "மருமோனைச் சாப்பிட வரச் சொல்லு பிள்ளை." அது என் காதிலும் விழும். ஆனாலும் மனைவி ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் நான் எழும்புவேன். போரில் இடம்பெயர்ந்து முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தபோதும் இந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

மீள்குடியேறி, அடம்பன் ஊர்ப் பக்கத்தில் எங்கள் காணிக்குத் திரும்பியபோது, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. தடி நட்டு, நிவாரணமாகத் தந்த பிளாஸ்டிக் தறப்பாளைக் கூரையாகக் கட்டினோம். ஒரு பின்னேரம் சோழகக் காற்று அடுப்புத் தீயைத் தூக்கித் தறப்பாளில் வைத்தது. உள்ளே விதைநெல் மூட்டை இருந்தது. அதை இழுத்துக்கொண்டு அவள் வெளியே வரும்போது, எரிந்த தறப்பாள் உருகித் தலையில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். தொடைத் தோலை எடுத்து மண்டையில் ஒட்டினார்கள். தோல் பிடித்துக்கொண்டது. ஆனால் தொடைத் தோலில் தலைமயிர் எங்கிருந்து வரும்? வலது காதுக்கு மேலிருந்து உச்சி வரைக்கும் மினுங்கும் வெறும் தோல். இரண்டு சுழிகளில் ஒன்று அங்கேதான் இருந்தது. அதுவும் போயிற்று. வெயில் பட்டால் அந்தத் தோல் வெடித்து நீர் கசியும். அவள் வயலுக்குப் போவதை நிறுத்தினாள். கோயிலுக்கும் போகவில்லை. தண்ணீர் அள்ளக்கூட, கிணற்றடியில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனாள்.

பிறகு எங்களைத் தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டொக்டர் சிங்களவர். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ், மிஸ்ஸி என்போம், அவர் சொன்னதை எங்களுக்குச் சொன்னார்.

"மயிர் இருக்கிற பக்கத்துத் தோலுக்குக் கீழ சின்னதா ஒரு பை வைப்பாராம். கிழமைக்குக் கிழமை ஊசியால அதுக்குள்ள உப்புத் தண்ணி விடுவாராம். பை பெருக்கப் பெருக்க மேல இருக்கிற தோலும் வளருமாம். போதுமான அளவு வளந்ததும் பையை எடுத்துப்போட்டு, அந்தத் தோலை இழுத்து எரிஞ்ச இடத்தை மூடுவாராம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மிஸ்ஸியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. அந்தத் தோல் புண்ணாகக் கூடாது. புண்ணானால் பையை எடுக்கத்தான் வேணும். திருப்பிச் செய்ய இவவுக்கு நல்ல தோல் மிச்சமில்லை."

டொக்டர் கையை மெல்ல அசைத்து, "ஹெமின், ஹெமின்" என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அது எங்களுக்கே விளங்கியது.

பை வைத்த காயம் ஆறியதும் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கிழமையும் ஒருநாள், விடியமுன்னமே பஸ் ஏறினோம். இடது பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவில் இருந்த மேடு மாங்காய் அளவுக்கு வந்தது. அதன் மேல் மயிர் அப்படியே நின்றது. அவளால் பார்க்க முடியாத இடம். "இஞ்சாருங்கோ, சிவந்திருக்கோ பாருங்கோ" என்று காலையும் மாலையும் கேட்பாள். நான் பார்த்துச் சொல்வேன். தோல் மெலிந்து நரம்புகள் நீலமாகத் தெரிந்தன. தொடவே பயமாக இருந்தது.

ஒரு நாள் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தேன். மாமி மகளுக்குப் பின்னால் நின்று தலைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம். முருங்கைப் பட்டையும் கடுகும் அரைத்த மணம் முற்றம் வரை வந்தது. வீக்கம் வற்றப் போடுகிற பத்து அது. நல்ல தோலையே எரிக்கும். என் மனைவி தாயை மறிக்கத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

"மாமி, தொடாதேங்கோ!"

அது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மாமியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் பெத்த பிள்ளை. தலை வீங்கி வீங்கி வருது. பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறாரோ?"

"அது வீக்கமில்லை மாமி. தோல் வளருது."

"தோல் வளருதாம்! வெள்ளரிப் பிஞ்சோ, தண்ணி விட்டால் வளர?"

"அடுத்த முறை நீங்களும் வாங்கோ. வந்து உங்கட கண்ணால பாருங்கோ."

மாமி தலைத் துணியைத் திரும்பக் கட்டினார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை பஸ்ஸுக்கு எங்களுக்கு முன்னமே வந்து நின்றார்.

பெண்கள் வார்ட்டுக்குள் மாமிதான் மகளோடு போனார். நான் வாசலில் நின்றேன். டொக்டர் காதுக்குப் பின்னால் தடவி, தோலுக்கு அடியில் இருந்த சிறிய குமிழைக் கண்டுபிடித்து ஊசியை ஏற்றினார். தண்ணீர் போகப் போக மேடு இறுகி வெளிறியது. அவர் நிறுத்தி, விரலால் அழுத்தி, இரத்தம் திரும்பி வரும் வரை பார்த்திருந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் விட்டார். மாமி வாயில் கைவைத்தபடி குனிந்து பார்த்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"மருமோன், வந்து பாருங்கோ! இவளை வயித்தில வச்சிருக்கேக்க என்ர தோலும் இப்பிடித்தான் மினுங்கினது!"

சொன்ன பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தோம். மிஸ்ஸி அதைச் சிங்களத்தில் சொல்ல, டொக்டர் சிரித்துத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அந்தத் தலையை என்னைவிடக் கவனமாகக் காத்தது மாமிதான். பார்க்க வந்தவர்களை முற்றத்திலேயே மறித்து, "கிட்டப் போகாதேங்கோ" என்று அவர்கள் இருக்கக் கதிரையைத் தள்ளிப் போடுவார். மேடு மாங்காய் அளவையும் தாண்டிப் போனது. கடைசியில் டொக்டர் கைவிரல்களால் அளந்து பார்த்து, போதும் என்றார்.

ஒப்பரேசன் நாள் காலை தலையை வழித்து, நீல மையால் கோடு கீறினார்கள். மண்டை ஒரு வயல் வரைபடம் போல இருந்தது. மினுங்கிய தோலை வெட்டி எடுத்து, வளர்ந்த தோலை இழுத்து அந்த இடத்தில் தைத்தார்கள். ஆனால் கட்டு அவிழ்த்தபோது உச்சியருகே தைத்த தோலின் ஓரம் கறுத்திருந்தது. அது இறந்தால் அவ்வளவும் வீண். மாமியும் நானும் வாசல் வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். சில நாட்களில் அந்தக் கறுப்பு மெல்ல ஊதாவாகி, பிறகு சிவந்தது. மிஸ்ஸி வந்து, "பிடிச்சிட்டுது" என்றார்.

மயிர் விரலில் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் எண்ணெய் வைக்கலாம் என்றார்கள். புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை, இருந்த மயிர்தான் விலகி விலகி நின்று அத்தனை இடத்தையும் நிரப்பியிருக்கிறது என்று டொக்டர் சொன்னாராம். எனக்கு அதை நினைக்க நினைக்க மனம் அடங்கவில்லை.

அன்று மாமி தேங்காயெண்ணெய்ச் சிரட்டையோடு வந்தார். கையை எண்ணெயில் தோய்த்தவர் தலையில் வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"தேய்க்கலாமோ, மருமோன்?"

"தேயுங்கோ மாமி."

"ஹெமின், ஹெமின்" என்றாள் என் மனைவி, கண்ணை மூடிக்கொண்டே.

மாமி சிரித்தார். விரல்கள் காதுப் பக்கமிருந்து உச்சிக்கு ஏறி, ஓரிடத்தில் நின்றன. மற்றக் கையால் என்னைக் கிட்ட வரச் சொல்லிக் காட்டினார். முன்பு இடது பக்கம் தள்ளி இருந்த அந்த மற்றச் சுழி, இப்போது தறப்பாள் விழுந்த இடத்தின் ஓரத்தில் இருந்தது. குட்டை மயிர்கள் எண்ணெயில் பளபளத்து வட்டமாகச் சுற்றிப் படிந்திருந்தன.

"நடந்து வந்திருக்கு" என்றார் மாமி, மெல்லிய குரலில்.

நான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன, ரெண்டு பேரும் பேசாமல் நிக்கிறியள்?" என்றாள் அவள். "எனக்கும் சொல்லுங்கோவன்."