அயினி மரம் நின்ற வளைவு

எக்ஸ்ரே அறைக்கு வெளியே போடப்பட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் நாங்கள் இருவரும் அமர்ந்திருந்தோம். என் வேட்டியிலிருந்து வடிந்த சேற்று நீர் தரையில் ஒரு சிறு ஓடையாகி எதிர்ச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. துப்புரவுப் பணி செய்யும் அம்மையார் இருமுறை வந்து துடைத்தார். மூன்றாம் முறை ஒரு பழைய சாக்கை என் காலடியில் விரித்துவிட்டுச் சென்றார்.

என் இடது கை ஈரத் துவர்த்தினால் (தோளில் போடும் துண்டு) கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. சாலையோரத்தில் வைத்து அதைக் கட்டியவள் என் மனைவி தங்கம். அவளுக்கு முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு மட்டுமே. அவளுடைய மடியில் எங்கள் கறுப்புக் குடை கிடந்தது. ஒடிந்து தொங்கிய கம்பிகளை அவள் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அவை மீண்டும் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. வெள்ளறடைப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் ரப்பர் மரங்களில் பால் வெட்டிப் பிழைத்தவன். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை நானே கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். ஆகவே இக்கட்டுரையில் பிழை காண்போர் பொறுத்தருள வேண்டும். மழையில் வண்டியோடு சரிந்து, தோளில் கட்டுடன் வீட்டில் இருக்கும் அன்பர் எவரேனும் இதை வாசிக்கக் கூடும். அவருக்காகவே எழுதுகிறேன்.

உள்ளே அழைக்கப்பட்டோம். மருத்துவர் என் மகனைவிடவும் இளையவரான ஒரு பெண்மணி. "எந்து பற்றி அம்மாவா?" என்று, என்ன நேர்ந்தது மாமா என மலையாளத்தில் வினவினார்.

"மழ பெய்ஞ்சுது டாக்டரே. இவ பின்னால இருந்து கொடை பிடிச்சிருந்தா. காத்து கொடைய மறிச்சு, வண்டி பாளிச் சரிஞ்சு போச்சு" என்றேன்.

மருத்துவர் தங்கத்தை நோக்கினார். "அம்மே, பைக்கில குட பிடிக்கான் பாடில்ல. அறியில்லே?"

பிடிக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "இனி பிடிக்க மாட்டேன்" என்றாள் தங்கம். அவளுடைய குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

நான் மருத்துவரிடம் கூறிய அந்தக் காரணம் உண்மையன்று. என் காறை எலும்பு (கழுத்தின் அடியிலிருந்து தோள் வரை செல்லும் எலும்பு) ஓரிடத்தில் முறிந்திருந்தது. அது ஒட்டிச் சேர்வதற்கு எடுத்துக்கொண்ட காலத்தைவிட, அந்தப் பொய்யைத் திருத்துவதற்கு எனக்குத் துணிவு வருவதற்கு அதிகக் காலம் பிடித்தது போலவே தோன்றுகிறது.

நடந்தது இதுதான். இடவப்பாதி (வைகாசி நடுவில் தொடங்கும் மழைக்காலம்) பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிப் புடவை எடுக்கவேண்டும் என்று காலையில் புறப்பட்டோம். காரக்கோணம் தாண்டியதும் தூறல் விழுந்தது. பின்னால் 'டப்' என்று குடை விரியும் ஓசை கேட்டது. முப்பது ஆண்டுகளாக எனக்குப் பழகிய ஓசை அது. தலைக்கவசச் சட்டம் வந்தபின் அவள் கவசம் அணிந்தாள். ஆனால் அதற்கு மேலும் குடையைப் பிடித்தாள்.

நேரான சாலையில் காற்று குடையை ஒருமுறை இழுத்தது மெய்யே. அவள் உடனே அதைத் தாழ்த்திக்கொண்டாள். வண்டி சிறிதும் அசையவில்லை. அதன்பின் ஒரு வளைவு வந்தது. அந்த வளைவில் ஒரு பெரிய அயினி மரம் நிற்பது வழக்கம். அன்று அது அங்கே இல்லை. சாலையை அகலப்படுத்துவோர் அதை வெட்டி, அடிக்கட்டையை மட்டும் விட்டிருந்தனர். வெட்டுவாய் மழையில் நனைந்து செம்மஞ்சளாக இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். மூச்சு ஒன்று விடும் நேரம்தான். முகத்தைத் திருப்பியபோது முன்னே ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. முன் பிரேக்கை முழுதாக அழுத்தினேன். முன் சக்கரம் வழுக்கியது. நாங்கள் இடப்பக்கம் சரிந்தோம். என் தோள் முதலில் தரையைத் தொட்டது. குடையின் கம்பிகள் ஒடிந்தது அதற்குப் பிறகே.

எதற்காகப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்குத் திருமணம் ஆன புதிதில் என்னிடம் ஒரு சைக்கிள் மட்டுமே இருந்தது. அவளுடைய தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. அவள் பின்னால் அமர்ந்தபடியே குடையை விரித்தாள். காற்றில் சைக்கிள் தள்ளாடியது. இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கி அந்த அயினியின் அடியில் ஒதுங்கினோம். மஞ்சள் ரவிக்கை அணிந்த அந்தப் பெண் அதுவரை என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. மழை விடும்வரை பேசினாள். அந்த வளைவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நான் ஒரு கணம் அம்மரத்தைப் பார்ப்பேன். என் பின்னால் இருப்பவளுக்கு அது தெரியாது.

இதை ஒரு மருத்துவரின் முன்னிலையில் எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் தனியே இருக்கும்போதுகூட இப்படிப்பட்டவற்றைச் சொல்லிக்கொள்வதில்லை. வெட்கத்தினால் குடையைக் காட்டிக்கொடுத்தேன்.

சிகிச்சை எளியது. முறிந்த முனைகள் அதிகம் விலகாததால் அறுவை தேவைப்படவில்லை. ஸ்லிங் (கையை மடக்கிக் கழுத்தில் தாங்கும் பட்டை) ஆறு வாரம் அணியச் சொன்னார்கள். முதல் பத்து நாட்கள் படுக்க இயலாது. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தவாறே உறங்கவேண்டும். தும்மல் வந்தால் அஞ்சவேண்டும். சட்டைப் பொத்தானைத் தங்கம் போட்டுவிட்டாள். வேட்டியையும் அவளே இறுக்கிக் கட்டினாள். இவற்றில் எல்லாம் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை என்பதை அன்பர்கள் முதலிலேயே ஏற்றுக்கொண்டால் நாட்கள் சிறிது விரைவாக நகரும்.

அண்டை வீட்டு நண்பர் ஒருவர் வந்து, "ஒரு ஆசான் உண்டு. எண்ணெய் போட்டுத் தடவி எலும்ப ஏத்தி வைப்பாரு" என்றார். ஆசான்மாரிடம் எனக்கு மதிப்புண்டு. இளமையில் சுளுக்குக்கு அவர்களிடமே சென்றிருக்கிறேன். ஆயினும் மருத்துவர் கண்டிப்பாக விலக்கியிருந்தார். முறிந்த காறை எலும்பின் அடியில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே அழுத்தித் தடவலாகாது. நண்பர் மனம் நோகாதபடி சாயா கொடுத்து அனுப்பினோம்.

என் மகன் சசி திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிறன்று வந்தவன் என் கட்டைப் பார்த்துவிட்டுக் குடையைப் பார்த்தான்.

"இதாக்கும் அம்மைக்க பாரசூட்டு. அப்பா பறந்து எறங்கினாரு, இல்லியா?"

நானும் சிரித்தேன். அதுவே என் இரண்டாவது குற்றம். அந்தப் பெயர் ரேஷன் கடை வரைக்கும் போயிற்று. "தங்கம் அக்கா, பாரசூட்டு கொண்டு வரல்லியா?" என்று அங்கே எவரோ கேட்டிருக்கிறார். அவள் அரிசியை மட்டும் வாங்கி வந்தாள். அன்று அவள் தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டிருந்தாள். முதுகு முழுவதும் நனைந்திருந்தது.

வீட்டில் இன்னும் இரண்டு குடைகள் ஆணியில் தொங்கின. அவற்றை அவள் தொடவேயில்லை. கடைக்கும், பால் சங்கத்துக்கும், எனக்கு மருந்து வாங்கவும் அப்படியே நனைந்து போய் வந்தாள். "கொடை எடுத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "எடுத்தது போரும்" என்றாள்.

ஐந்தாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாட்கள் கிடந்தாள். காய்ச்சலின் மயக்கத்தில், "நான் இறுக்கிப் பிடிச்சிருந்தா நீங்க விழமாட்டிய" என்று சொன்னாள். ஒற்றைக் கையால் நான் கஞ்சி வைத்தேன். அடுப்பின் முன் நின்றிருந்தபோது, என் தோளில் இருந்த வலி எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அப்போதும் சொல்லவில்லை. அவள் எழுந்து நடமாடட்டும் என்று எனக்கு நானே ஒரு தவணை கொடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழிந்து ஸ்லிங்கை அகற்றினார்கள். கை என் கை போலவே இல்லை. அசையாதிருந்த மூட்டு இறுகிவிட்டதால் பிசியோதெரபி (தசையையும் மூட்டையும் பழக்கும் பயிற்சி) தொடங்கிற்று. சுவரின் முன் நின்று விரல்களால் சிலந்தி ஏறுவதுபோல் மேலே ஏறவேண்டும். எட்டிய உயரத்தைத் தங்கம் நாள்தோறும் பென்சிலால் குறித்தாள். ரப்பர் மரத்தில் தலைக்கு மேலே கையை நீட்டிப் பட்டை சீவியவன், தன் கண்ணின் உயரத்தைத் தொடுவதற்கு வியர்த்தேன்.

ஏழாம் வாரத்தில் ஒருநாள், அவள் குறியிடுவதற்காகப் பென்சிலை உயர்த்தினாள். கூந்தல் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. அப்போதுதான் வெளியே போய் வந்திருந்தாள்.

"தங்கம், அண்ணைக்கு கொடை ஒண்ணும் செய்யல்ல" என்றேன்.

பென்சில் சுவரில் நின்றது. "பின்ன?"

"நான் அயினி மரத்துக்க மூட்டப் பாத்தேன். மரத்த முறிச்சிருந்தானுவ. அதப் பாத்துக்கிட்டிருந்ததில முன்னால நிண்ண ஆட்டோவக் காணல்ல."

"அயினி மூட்டுல என்ன இருக்கு பாக்குததுக்கு?"

கை சுவரில் இருந்ததால் முகத்தைத் திருப்ப இயலவில்லை. அது நல்லதாயிற்று. சுவரிடமே சொன்னேன். "நாம நிண்ணோமே. புதுசுல, சைக்கிள்ல வரும்போ. பெரிய மழ. நீ மஞ்ச ரவுக்க போட்டிருந்த. அண்ணைக்கு ஆக்கும் நீ எங்கிட்ட முதல்ல பேசினது. நான் எப்பவும் அந்த எடத்தப் பாப்பேன்."

அவள் பாதியில் நின்ற கோட்டை இழுத்து முடித்தாள். 

"அது அயினி மூடு இல்ல. மாட்டாஸ்பத்திரி வராந்தா ஆக்கும். ஒரு பசுவுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாவ. அது சாணி போட்டு எனக்க புது செருப்பு நாசமாச்சு. அதுக்குத்தான் நீங்க சிரிச்சிய. மஞ்ச ரவுக்க எனக்கு ஒருநாளும் இருந்ததில்ல."

நான் சுவரைவிட்டுக் கையை எடுத்தேன்.

"அப்போ ஏழு வாரமாட்டு நான் நனைஞ்சு நடந்தது?" என்று கேட்டாள்.

 பென்சிலைச் சன்னலில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

இரண்டு நாட்கள் உணவு நேரத்துக்கு வந்தது. சட்டைப் பொத்தானும் போடப்பட்டது. பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மாலை, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு என் முன்னே வைத்தாள். "மக்கா, அப்பாக்கு உங்கிட்ட ஒரு காரியம் பறயணும். கேளு" என்றாள்.

சசியிடம் முழுவதையும் சொன்னேன்.  அவன், "அப்போ அம்மைக்க பாரசூட்டு..." என்று தொடங்கினான்.

"பாரசூட்டு இல்லலே, கொடை. இனி ஒருக்க அந்தப் பேரக் கேட்டா, நீ வரும்போ கப்பக் கெழங்கும் இல்ல, மீனும் இல்ல" என்றாள் தங்கம். அவள் குரல் பழைய உயரத்துக்கு வந்திருந்தது.

ரேஷன் கடைக்கு நானே நடந்து போனேன். வரிசையில் நின்றவர்களிடம் உண்மையைச் சொன்னேன். "மரத்தப் பாத்தா விழுந்தீரு அண்ணாச்சி? நாங்க ஏதோ பெண்ணப் பாத்தீருண்ணு நெனச்சோம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தனர். அவர் நினைத்தது முற்றிலும் தவறன்று என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இதை வாசிக்கும் அன்பருக்கு நான் கற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன். புதுமழையில் சாலையின் எண்ணெய்ப் பசை மேலே மிதந்து வரும். அப்போது முன் பிரேக்கை மட்டும் நம்பலாகாது. பின் இருக்கையில் குடை பிடிப்பது இன்றும் தவறே. என் குடை குற்றமற்றது என்பதால் வழக்கம் நல்லதாகிவிடாது. நனைந்துகொண்டே போவதைவிட ஒதுங்கி நிற்பது மேல். எப்படி விழுந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டால் உள்ளபடி கூறுங்கள். உங்கள் எலும்புக்கு அது உதவுமோ இல்லையோ, உடனிருப்பவர் எதையெல்லாம் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார் என்பது அந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

பத்தாம் வாரத்தில் இறுதிப் பரிசோதனைக்குப் பேருந்தில் சென்றோம். புதிய படத்தில் காலஸ் (முறிந்த எலும்பை ஒட்டுவதற்கு உடலே வளர்க்கும் முடிச்சு) வெண்மையாகத் தெரிந்தது. தடவினால் விரலுக்கு ஒரு கொண்டைக்கடலை போல் தட்டுப்படுகிறது. அது அப்படியே இருந்துவிடும் என்றார் மருத்துவர். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். "எங்கிலும் குட வேண்டா, கேட்டோ" என்று, ஆனாலும் குடை வேண்டாம் எனத் தங்கத்திடம் விரலை ஆட்டினார். இனி வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. அது வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அதை விற்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

அங்கிருந்து பாலராமபுரத்துக்கே போய், அன்று எடுக்காமல் விட்ட புடவையை எடுத்தோம். திரும்பும் பேருந்தில் அருகருகே அமர்ந்தோம். முப்பது ஆண்டுகளாக அவள் என் முதுகிடம்தான் பேசிவந்தாள். பாதியைக் காற்று கொண்டுபோகும். மீதிக்கு நான் 'ம்' என்பேன். இப்போது ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. வண்டியில் விரைந்து முடிந்துபோன வழி, பேருந்தில் நீண்டு கிடந்தது. அந்த நீளம் எனக்குப் பிடித்திருந்தது.

வளைவு நெருங்கியபோது மழை பிடித்தது. நான் சாலையை நேராகப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். தங்கம் முழங்கையால் என்னை மெல்ல இடித்தாள்.

"திரும்பிப் பாருங்க. இப்போ ஓட்டுதது வேற ஆளு ஆக்கும்."

திரும்பினேன். தோளில் முடிச்சு சற்று இழுத்தது. அடிக்கட்டையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. சிறிது தூரம் சென்றதும், அவளே சன்னல் பக்கம் சாய்ந்து, மாட்டாஸ்பத்திரியின் வராந்தா கடந்து மறையும்வரை பார்த்தாள்.