கசினோ வாசலில் தேசிக்காய்

கணவர் போன பிறகு எனக்குப் புத்தி சொல்லாத ஆள் லண்டனில் இல்லை. வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இரு என்றார்கள். வெள்ளைச் சேலை கட்டு, நிறமாக உடுக்காதே என்று ஒருத்தி தொலைபேசியிலேயே பட்டியல் போட்டாள். நான் எல்லோருக்கும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு ஒரு வான் வாங்கினேன். உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மூலையில் முழுக ஒரு ஷவர். பழைய வண்டிதான். பள்ளிக்கூட மினிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் நான், பெரிய வண்டி என்றால் எனக்குப் பயமில்லை. பயம் மகனுக்குத்தான்.

"அம்மா, ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று கேட்டான்.

நினைக்கட்டும். அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

எங்கள் வீடு லண்டனின் வடமேற்கில், ஹரோவில். நாங்கள் வருஷா வருஷம் உபயம் செய்யும் கோயிலோ தெற்கு லண்டனில். திருவிழாவில் ஒரு நாளின் பூசையை ஒரு குடும்பம் ஏற்று நடத்தும். அந்த நாளில் அந்தக் குடும்பம்தான் சுவாமிக்கு முன்னால் நிற்கும். திருவிழா முடியும்வரை விடிகாலை அபிஷேகத்துக்கு நிற்க வேண்டுமென்றால், லண்டனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தினமும் ஓட முடியாது. முன்பெல்லாம் உறவினர் வீட்டில் தங்குவோம். கணவர் போன பிறகு அங்கே போனால், நல்ல அறையைத் தந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேத்தண்ணியோடு ஒரு "பாவம்" வரும். அந்தப் பாவத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆனால் வானை இரவில் எங்கே விடுவது? தெருவில் விட்டால் பெர்மிட் கேட்கிறார்கள், பூங்காவைப் பூட்டிவிடுகிறார்கள். வான் வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரிதான் வழி சொன்னாள். கோயில் பக்கம், சட்டன் என்ற இடத்தைத் தாண்டி ஒரு கசினோ இருக்கிறதாம். விடிய விடிய வெளிச்சம், கமரா, காவல்காரர். வண்டி எண்ணை வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டு, உணவகத்தில் எதையாவது வாங்கிச் சாப்பிட்டால் போதும், காலை வரை ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

போனேன். திருவிழாக் காலத்தில் நான் வெளியில் சாப்பிடுவதில்லை. அதனால் வெறும் தேத்தண்ணி ஒன்று வாங்கிக் குடித்தேன். சுற்றிவரச் சூதாட்ட மெசின்கள் கிலுகிலு என்று கத்திக்கொண்டிருந்தன. ஒரு பட்டனைக்கூட நான் தொடவில்லை. பிறகு வானில் போய்ப் படுத்தேன். அவர் போன பிறகு அப்படி ஒரு நித்திரை எனக்கு வந்ததில்லை. யாரும் எட்டிப் பார்த்து "நித்திரையோ?" என்று கேட்கவில்லை.

காலையில் எழுந்து முழுகி, காஞ்சிபுரம் உடுத்தி, வானுக்குத் திருநீறு பூசினேன். ஒரு துண்டுக் கற்பூரம் காட்டினேன். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து, சக்கரத்தை மேலே ஏற்றி நசித்துக்கொண்டு புறப்பட்டேன். பயணம் போகிற வண்டிக்கு நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் அதைக் கசினோ வாசலில் செய்ததுதான் பிரச்சினையாகிவிட்டது. அந்த வழியால் போன நம் ஆள் ஒருவர் பார்த்துவிட்டார்.

அன்று பின்னேரமே கோயிலில் கதை பரவிவிட்டது. நான் சூதாடுகிறேனாம். சும்மா ஆடவில்லையாம், மெசின்களுக்குத் தேசிக்காய் வெட்டிப் பூசை செய்துவிட்டு ஆடுகிறேனாம். புருஷன் தேடி வைத்ததையெல்லாம் அழிக்கிறேனாம். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதைவிடச் சிரிப்பு, பிரசாத வரிசையில் நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்ற ஒருவர் மெல்ல என் பக்கம் சாய்ந்தது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தத் தேசிக்காய்... எந்த மெசினுக்கு?"

அடுத்த நாள் ஒரு பெண் வந்து வெள்ளிக்கிழமை நல்லதா, செவ்வாய் நல்லதா என்று கேட்டாள். இப்படி இன்னும் சிலர். அது வான் சில்லுக்கு என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

என் உபயத்துக்கு முந்தின நாள் கோயில் செயலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, பிழையா நினையாதேங்கோ. இந்த முறை உங்கட மகனை முன்னால விடுவம். நீங்கள் பின்னால நிண்டாலும் பலன் ஒண்டுதானே."

"ஏன்?"

"சனம் கதைக்குது. அதோட அண்ணையும் இல்லை..."

"அண்ணை இல்லாதது எனக்குத் தெரியும்" என்றேன்.

மகனும் அன்றிரவு தொலைபேசியில், "விடுங்கோ அம்மா, நான் நிக்கிறன். இதுக்குப் போய் ஏன் சண்டை?" என்றான். செயலாளர் சொன்னது எரிச்சலைத் தந்தது. இவன் சொன்னது நெஞ்சில் குத்தியது. விரதம் இருப்பது நான், மாலை கட்டுவது நான். இத்தனை வருஷமும் கணவருக்குப் பக்கத்தில் நின்றவளும் நான். ஆள் போனதும் என் இடமும் போய்விட வேண்டுமா? அன்றும் நான் கசினோவில்தான் படுத்தேன். வேண்டுமென்றே வாசலுக்கு நேரே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வானை விட்டேன்.

உபய நாள் வந்தது. மூலஸ்தானத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். ஐயர் தட்டோடு வெளியே வந்து, "யாற்ற உபயம்? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். செயலாளர் மகனின் முழங்கையைப் பிடித்து முன்னே தள்ளினார். நான் இருவருக்கும் நடுவால் போய் நின்றேன்.

"என்ர உபயம் ஐயா."

செயலாளர் வாயைத் திறந்தார். நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன்.

"ஓம், நான் கசினோவிலதான் தங்கிறன். இண்டைக்கும் அங்கதான் படுப்பன். தேசிக்காய் வைச்சது வான் சில்லுக்கு. மெசினுக்கு எண்டு நினைச்சு என்னட்ட வழி கேட்ட ஆக்கள் இதுக்கை நிக்கினம். பேர் சொல்ல மாட்டன். அவை முன்னால நிக்கலாம் எண்டால், நானும் நிக்கலாம்."

வெள்ளிக்கிழமையா செவ்வாயா என்று கேட்டவள் இடுப்பில் இருந்த குழந்தைக்குத் திடீரென்று மூக்குத் துடைக்கத் தொடங்கினாள். திருநீற்றுக்காரர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். ஐயருக்கு நேரம் போகிறதே என்ற கவலை. "நட்சத்திரம் அம்மா, நட்சத்திரம்" என்று அவசரப்படுத்தினார்.

"கேட்டை" என்றேன்.

தட்டு என் கைக்கு வந்தது. மகன் ஓர் அடி பின்னால் போய் எனக்குப் பின் நின்றான். அவன் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

அன்றைய திருவிழா முடிந்து நான் வானை எடுத்தபோது, அவன் கார் பின்னாலேயே வந்தது. கசினோவில் என்னோடு இருந்து வெறும் தேத்தண்ணி குடித்தான். மெசின்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்தச் சத்தத்துக்கையோ அம்மா நித்திரை கொள்ளுறியள்?" என்று கேட்டான். வீட்டுக்குப் போகாமல் வானின் இருக்கையிலேயே காலை மடக்கிக்கொண்டு படுத்தான்.

விடிந்ததும் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, காரில் வைத்திருந்த, வேலைக்குப் போடும் காற்சட்டையோடு அவன் வானுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். பக்கத்தில் தேசிக்காய்ப் பை. அப்போது தெருவால் வந்த கார் ஒன்று எங்களைக் கண்டு மெதுவானது. உள்ளே நெற்றி நிறையத் திருநீறு தெரிந்தது.

"அம்மா, ஆரோ பாக்கினம்" என்றான்.

எழும்பவில்லை. மற்றத் தேசிக்காயை எடுத்துக்கொண்டு பின் சில்லுக்குப் போனான்.