முள் எடுத்துச் சொன்னவர்

என் அக்கா புருஷனுக்கு மூன்று பாஷை தெரியும். மூன்றிலும் அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. இதைப் பெருமையாக எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது யாரும் சொல்வதில்லை.

பக்கெட், குவளை, குளியலறை முக்காலி என்று பிளாஸ்டிக் சாமான் செய்கிற தொழிற்சாலையில் அவரும் நானும் வேலை பார்த்தோம். நான் பேக்கிங். அவர் சம்பளப் பட்டியலில் சுமைதூக்கும் உதவியாளர். ஆனால் அவர் ஒரு மூட்டையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. காலையில் மானேஜர் வந்ததிலிருந்து சாயங்காலம் அவர் கார் ஏறும்வரை, மச்சான் அவருக்கு ஓரடி பின்னால் நடப்பார். அதுதான் அவர் வேலை.

மானேஜருக்கு இங்கிலீஷ். வீட்டில் வேறு ஏதோ பாஷை; மனைவியோடு போனில் சண்டை போடும்போது மட்டும் அது வெளியே வரும். மெஷினில் நிற்பவர்கள் இந்திக்காரர்கள். இந்திக்காரர்கள் என்று நாங்கள்தான் சொல்வோம். தங்களுக்குள் அவர்கள் பேசிக்கொள்வது இந்தியே கிடையாது, ஊரிலிருந்து கொண்டுவந்த வேறொரு பேச்சு. வெளியே வரும்போது செருப்பு மாட்டுகிற மாதிரி எங்களுக்காக இந்தியை மாட்டிக்கொண்டு வருவார்கள். பேக்கிங்கில் நாங்கள் தமிழ். இத்தனை பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே வாய், மச்சானுடைய வாய். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். லாரியில் கிளீனராகச் சுற்றி இந்தி கற்றுக்கொண்டார், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் மேஜை துடைத்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டார்.

எனக்கு இரண்டும் பேச வராது. ஒரே குழாயடியில் கை கழுவிக் கழுவி இந்தி புரியும். இங்கிலீஷில் திட்டு மட்டும் முழுசாகப் புரியும். அதனால்தான் மச்சான் செய்கிற வேலை எனக்குத் தெரிந்தது.

மானேஜர் கத்துவார்: "இந்தக் கழுதைகளுக்கெல்லாம் சம்பளம் தண்டம். நாளைக்கே துரத்திவிட்டு வேறு ஆள் கொண்டுவருவேன் என்று சொல்." மச்சான் தலையாட்டிக்கொண்டு கேட்பார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி இந்தியில், "சார் உங்களைத்தான் நம்பியிருக்காராம். இன்னும் கொஞ்சம் வேகமா முடிச்சுக் குடுங்கன்னு கேக்கறார்" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டு மெஷினுக்குப் போவார்கள். அங்கிருந்து ஒருவன், "எங்க ரூம்ல மூத்திரம் மாதிரி தண்ணி வருது, அவனை வந்து ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லு" என்று கத்தினால், மானேஜர் காதில் அது, "குடிநீரைப் பற்றி ஒரு சின்ன வேண்டுகோள், சார்" என்று போய் விழும். குழந்தைக்கு மீனை ஊட்டும்போது முள்ளெடுக்கிற மாதிரி, இரண்டு பக்கமும் எடுத்துவிடுவார். மானேஜர் தன் ஆட்களைப் போலச் சாதுக்கள் உலகத்தில் இல்லை என்று நம்பினார். அவர்கள் மானேஜரைப் போல நல்லவர் கிடைக்கமாட்டார் என்று நம்பினார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அக்கா சொல்வாள்: "எங்க மாமியார் போன்ல என்ன சொன்னாங்கன்னு இவர் சொன்னதை நம்பி, அவங்களை நான் தெய்வம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா. ஒரு வாரம் நேர்ல வந்து தங்கினாங்க பாரு, அப்பதான் தெரிஞ்சுது இவர் எவ்வளவு பெரிய புளுகர்னு." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மச்சான், அவன் திட்டினதை அப்படியே சொல்லித் தொலைங்களேன். அவங்களுக்கும் யார்கிட்ட வேலை பாக்கறோம்னு தெரியட்டும்" என்றேன்.

"அப்படியே சொன்னா என்ன ஆகும் மாப்ளே? அவங்க கல்லைத் தூக்குவாங்க. இவன் போலீசைக் கூப்பிடுவான். நீயும் நானும் கேட்டுக்கு வெளியில நிப்போம்."

"அதுக்காக? ரெண்டு பக்கமும் பொய் சொல்வீங்களா?"

"பொய் எங்க சொல்றேன்? மொத்தத்துல விஷயம் போய்ச் சேருதுல்ல? சூட்டைத்தான் கொஞ்சம் ஆத்திட்டுக் குடுக்கறேன்."

விஷயம் போய்ச் சேருகிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அந்த நம்பிக்கையை நினைத்துத்தான். கெட்டவனாக இருந்திருந்தால் வைது தீர்த்துவிடலாம்.

பக்கெட் மெஷினில் நெட்டையன் என்று ஒருவன் நின்றான். ஆறடிக்கு மேல் உயரம், கதவுகளில் எல்லாம் குனிந்து நுழைவான். அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பிக்கதவு உண்டு. கதவைத் திறந்து உள்ளே கைவிட்டு பக்கெட்டை எடுக்க வேண்டும். கதவு திறந்திருக்கிறவரை அச்சின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று மூடாது. அதற்கென்று ஒரு சுவிட்ச். அந்த சுவிட்ச் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கதவு திறந்திருக்கும்போதே சில சமயம் அச்சு மூடியது.

நெட்டையன் மச்சானைப் பிடித்தான். நான் பக்கத்தில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். "இது மெஷின் இல்ல, கொலைகாரன். இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. சரி பண்ணலைன்னா நாளைக்கு எங்க ஆளு ஒருத்தனும் இதைத் தொடமாட்டான். எவன் கையாவது போச்சுன்னா உங்க சாரை நாங்க சும்மா விடமாட்டோம்னு சொல்லுங்க" என்றான். 

மச்சான் மானேஜரிடம் போனார். அவர் சொன்ன இங்கிலீஷ் எனக்கே புரிகிற அளவுக்கு எளிமையாக இருந்தது. "சார், பக்கெட் மெஷின் சுவிட்ச் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. உங்களுக்கு நேரம் இருக்கும்போது ஒரு தடவை பார்த்தால் பையன்கள் சந்தோஷப்படுவார்கள்."

"பார்க்கலாம். இந்த ஆர்டர் முடியட்டும். அடுத்த மாசம் மெஷினை நிறுத்துவோம் இல்லையா, அப்போது."

மச்சான் திரும்பி வந்தார். "சார்கிட்ட சொல்லிட்டேன். உடனே ஆளை வரச் சொல்றேன்னார். அதுவரைக்கும் பாத்து, பதனமா பண்ணுங்கப்பா."

உடனே ஆள் வருகிறான் என்றால் யார் வேலையை நிறுத்துவார்கள்? நெட்டையன் நிறுத்தவில்லை. அந்த வாரம் இன்னொரு தடவை கேட்டான். ஆள் கிளம்பிவிட்டதாக மச்சான் சொன்னார்.

சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரம். அச்சில் ஒட்டிக்கொண்ட பக்கெட்டைப் பிய்க்க நெட்டையன் கையை உள்ளே விட்டான். கதவு திறந்துதான் இருந்தது. மெஷின் மூடியது.

நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. அவனை மச்சான் மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். அவன் கத்தியது இந்தியில் இல்லை. அவன் ஊர்ப் பேச்சில் ஏதேதோ கத்தினான். மானேஜர் வெளுத்த முகத்தோடு வந்து நின்று கேட்டார்: "என்ன சொல்கிறான்?"

"தெரியவில்லை, சார்" என்றார் மச்சான். அந்த மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

விசாரணை என்று அறிவித்தார்கள். அதற்கு முதல் நாள் கம்பெனி வக்கீல் மச்சானைக் கூப்பிட்டு, அவன் அஜாக்கிரதையாகக் கையை விட்டான் என்பதுபோல் பேச்சு வந்தால் எல்லோருக்கும் நல்லது என்றாராம். கம்பெனி மேல் தப்பு என்று முடிவானால்தான் நெட்டையன் பிழைப்புக்கு வழி. அவன் மேல் தப்பு என்றால் மச்சானுடைய வேலை பிழைக்கும். வீட்டில் அக்கா தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இத்தனை வருஷமா யார் யாருக்கோ மறைச்சு மறைச்சுச் சொன்னீங்க. நாளைக்கு நமக்காக நாலு வார்த்தை குறைச்சுச் சொன்னா குடியா முழுகிடும்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

தலைமை ஆபீசிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி ஒரு பெண். வெளியூர்க்காரர், இங்கிலீஷில்தான் பேசினார். மானேஜர் அறையில் மேஜை போட்டிருந்தார்கள். மெயினை இறக்கியவன் என்பதால் என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். நெட்டையன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதிகாரி சுற்றிலும் பார்த்துக் கேட்டார்: "இவர் சொல்வதை மொழிபெயர்க்க இங்கே யார் இருக்கிறார்கள்?"

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பது? யார் சொல்லை நம்பிக் கை போனதோ அவரையே வாயாக வைத்து நடந்த விசாரணையை அங்கேதான் பார்த்தேன்.

நெட்டையன் பேசினான். மச்சான் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார். "மெஷினைக் கொலைகாரன் என்றேன். இன்றே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தாவிட்டால் தொடமாட்டோம் என்றேன். யார் கையாவது போனால் சாரைச் சும்மா விடமாட்டோம் என்றும் சொன்னேன்." ஒரு வார்த்தை குறையவில்லை. மானேஜர் முதல்முறையாகத் தன் ஆட்களின் குரலைக் கேட்டவர்போல நிமிர்ந்து பார்த்தார். நெட்டையன் கடைசியில் மச்சானை நேராகப் பார்த்துச் சொன்னான். மச்சான் அதையும் அதிகாரியிடம் சொன்னார்: "ஆள் வருகிறான் என்று இந்தப் பெரியவர் சொன்னார். இவர் சொன்னதால் நம்பினேன். இவர் பொய்யர்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "இவர் என்பது யார்?" என்று கேட்டார்.

"நான்தான், மேடம்" என்றார் மச்சான். "அவன் சொன்னதை சாரிடம் நான் அப்படியே சொல்லவில்லை. சார் அடுத்த மாதம் என்று சொன்னதையும் அவனிடம் சொல்லவில்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஆற்றி ஆற்றிக் கொடுத்த மனிதர், கொதிக்கக் கொதிக்கத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார். இனி அந்த நெட்டையனுக்காவது நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

முடிவு இங்கிலீஷில் வந்தது. தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாடே விபத்துக்குக் காரணம். நிர்வாகம் மொழிபெயர்ப்பாளர் எவரையும் நியமிக்கவில்லை. சுமைதூக்கும் உதவியாளர் ஒருவர் தன் பொறுப்பில் இல்லாத வேலையில் தலையிட்டிருக்கிறார், அவர் நீக்கப்படுகிறார். பழுதை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் இருந்தும் தொழிலாளி அவ்வாறு செய்யவில்லை. அந்தப் பலகையும் இங்கிலீஷில்தான் இருந்தது. கருணை அடிப்படையில் அவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவும் ஊருக்கு டிக்கெட்டும் கொடுக்கப்படும். மானேஜர் 'அடுத்த மாசம்' என்று சொன்னது அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. முள்ளெடுக்கத் தெரிந்தவர் மச்சான் மட்டுமல்ல என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தவளை தன் வாயால் கெட்டது என்று பேக்கிங்கில் சிரித்தார்கள். சிரித்தவனின் சட்டையைப் பிடித்தேன். அதற்கு எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

நெட்டையன் ஊருக்குப் போகிற அன்று மச்சானும் நானும் பஸ் நிலையத்துக்குப் போனோம். போக வேண்டாம், அடிப்பான் என்றாள் அக்கா. அவன் அடிக்கவில்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான். இடது கையால் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மச்சானிடம் நீட்டினான். "என்ன எழுதியிருக்காங்க?"

மச்சான் முழுவதையும் இந்தியில் படித்துச் சொன்னார். எதையும் விடவில்லை, எதையும் ஆற்றவில்லை. அவன் கேட்டுவிட்டுக் காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தான். அப்போது அவன் போன் அடித்தது. எடுக்காமல் மச்சானைப் பார்த்தான்.

"எங்க அம்மா. கை போனது மட்டும் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. இதை எப்படிச் சொல்றது? நீங்க முன்னாடியெல்லாம் சொல்வீங்களே, அந்த மாதிரி ஒண்ணு சொல்லிக் குடுங்க."

 வேண்டாம் மச்சான் என்று நான் தமிழில் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. மெதுவாக இந்தியில் ஆரம்பித்தார். "கம்பெனில எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டாங்கன்னு சொல்லு. ஆஸ்பத்திரிச் செலவு பூரா சார்தான் பாத்துக்கிட்டார்னு சொல்லு. கை ஆறினதும் உக்காந்து பாக்கற வேலையா தரேன்னிருக்கார்னு சொல்லு."

அவன் போனைக் காதில் வைத்து, தன் ஊர்ப் பேச்சில் பேசினான். எதைச் சேர்த்தான், எதை விட்டான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மறுமுனையில் ஒரு கிழவியின் குரல் அழுதது, பிறகு அழுகை நின்றது, பிறகு நிறையப் பேசியது.

போனை வைத்தான். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று மச்சான் கேட்டார்.

"சாருக்கு நன்றி சொன்னாங்க. நல்ல மனுஷன், அவர் குடும்பம் நல்லா இருக்கணும்னாங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். "உங்ககிட்டதான் சொல்லச் சொன்னாங்க. மறக்காம சார்கிட்ட சொல்லிடணுமாம்."