மேவிஸ் வீட்டு வெளிக்குழாய்

குழாயைத் திறந்துவிட்டு மேவிஸ் தர்லோ ஜன்னல் வழியே கோழிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் ஓடி ஓடிக் குளிர்ந்து விரலில் சுரீரென்று பட்டதும் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடிக்கிறார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். முகர்ந்து பார்க்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அதை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, கடையில் வாங்கிய கேனைச் சாய்த்துக் காப்பிக்குத் தண்ணீர் எடுக்கிறார். பள்ளிப் பேருந்தை எடுக்கப் போவதற்கு முன் தினமும் நடக்கிற பூசை இது.

பல் தேய்க்கக் கேன் தண்ணீர். உருளைக்கிழங்கு வேகவைக்கக் கேன் தண்ணீர். பூனைக்கும் அதுதான். "பூனைக்கு என்ன பாவம் தெரியும்?" என்பார். குளிப்பது மட்டும் குழாயில். அப்போதும் வாயை இறுக மூடிக்கொண்டுதான். இருபத்தாறு வருடமாகப் பனியிலும் சேற்றிலும் பேருந்து ஓட்டி ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தவர், ஒரு மடக்குத் தண்ணீருக்கு நடுங்குகிறார்.

இத்தனைக்கும் மெய்ன் மாநிலத்தின் பிக்கரிங் சாலையில் மேவிஸ் வீட்டுக் கிணறு பேர்போனது. பாறையைத் துளைத்து இறக்கிய கிணறு; கோடையிலும் பல் கூசும். நகரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் பழக்கூடைக்குப் பதில் இரண்டு குடுவை கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோவது இந்தச் சாலையின் வழக்கம். ஊர்க்கூடத்தில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்து என்றால் பீன்ஸ் ஊறுவதும் காப்பி கொதிப்பதும் மேவிஸ் கொண்டுவரும் தண்ணீரில்தான். "பீன்ஸ் யார் வேணா பண்ணலாம், தண்ணி என்னுது" என்று மேவிஸ் பெருமையடித்த காலம் உண்டு. இப்போது அதை யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை. அவரே நினைத்துக்கொள்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்கு முன்னொரு காலத்தில் லாரி லாரியாக எருச்சேறு வந்தது. நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்தபின் மிஞ்சிய வண்டல். நல்ல உரம், காசு வேண்டாம் என்றார்கள். மேவிஸின் கணவர் லோவெல், "சும்மா குடுக்கறான், வேணாம்னா சொல்லுவேன்?" என்று கேட்டைத் திறந்துவிட்டார். புல் மார்பளவு வளர்ந்தது. அந்தச் சேற்றில் அழுகாத, கரையாத, காய்ச்சினாலும் போகாத ஒரு ரசாயனம் இருந்தது என்பதும், அது மெல்ல மெல்லப் பாறை இடுக்கில் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது என்பதும் அரசாங்கத்தார் வந்து தண்ணீரைச் சோதித்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் லோவெல் சிறுநீரகத்தில் கட்டி வந்து போய்ச் சேர்ந்திருந்தார். இதனால்தான் அதுவா என்று மேவிஸ் மருத்துவரிடம் கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் அவர். அந்தப் பதிலோடுதான் மேவிஸ் இரவில் படுக்கப் போகிறார்.

ஊர்க்கூட்டத்தில் ஓர் அதிகாரி, பயப்பட வேண்டாம், அளவு மிக மிகக் குறைவு, பெரிய ஏரியில் ஒரு சில சொட்டுதான் என்று விளக்கினார். மேவிஸ் எழுந்து, "அவ்வளவு பெரிய ஏரியில அந்தச் சொட்டுக்கு என் வீட்டு வழி எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மேவிஸ் சிரிக்கவில்லை.

அதன்பின் நிலவறையில் கரி நிரப்பிய இரண்டு நீலத் தொட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆள் உயரம். கிணற்றுத் தண்ணீர் அவற்றின் வழியாக வடிந்துதான் மேலே வரும். மேவிஸ் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளைகள். "வந்து உக்காந்துட்டானுங்க. வாயத் தொறக்கறதில்ல. நம்பித்தான் ஆகணும்." சொல்வாரே தவிர நம்பவில்லை. சோதனைக்குப் போன தண்ணீர் ஒவ்வொரு முறையும் சுத்தம் என்று திரும்பி வருகிறது. அது நேற்றைய தண்ணீருக்குத்தானே என்பது அவர் கட்சி.

தண்ணீர் பிடித்துப்போக ஜோனி என்கிற அம்மாள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். கையில் களிம்பு பூசக்கூடாது, மழை கொட்டினாலும் நீர் ஒட்டாத சட்டை போடக்கூடாது. அதிலெல்லாம் அதே ரசாயனம் இருக்கும் என்பது அவர் வேலையின் விதி. அதனால் நல்ல மழையில் பருத்திச் சட்டையோடு தொப்பலாக நனைந்து வந்து நிற்பார். "உன்னையாவது நம்பலாம்டி, கஷ்டப்படறே" என்பார் மேவிஸ்.

போன மாதம் அப்படி நனைந்து வந்த ஜோனி வாசலிலேயே நின்றுவிட்டார். மேவிஸ் முற்றத்துக் குழாயில் ரப்பர்க் குழாயை மாட்டிக் கோழிகளின் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"மேவிஸ், இந்தக் குழாய் எங்கிருந்து வருது?"

"கிணத்துலேருந்துதான். வேற எங்கேருந்து வரும்?"

"இல்ல, அந்த டேங்க் வழியா வருதா?"

மேவிஸ் ரப்பர்க் குழாயைக் கீழே போட்டார். அது லோவெல் மாட்டிய குழாய். நிலவறைக்குப் போகாமல் கிணற்றிலிருந்து நேரே முற்றத்துக்கு வருவது. தொட்டிகளை மாட்டிய ஆள் அன்றைக்கே சொல்லியிருந்தான். மேவிஸோ அப்போது படிக்கட்டில் அவன் அப்பிய சேற்றுக்காக அவனை வைதுகொண்டிருந்தார்.

"கோழி குடிச்சா அது முட்டையிலதான் போய்ச் சேரும். யாரு சாப்பிடறாங்க?" என்று ஜோனி மெதுவாகக் கேட்டார்.

மேவிஸுக்குக் கொழுப்புச் சத்து அதிகம், முட்டை தொடுவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயம் முடிந்து ஒரு டஜன் நகரத்துக்குப் போகும். அங்கே மகன் டுவைட் வீடு. மருமகள் கெய்லினுக்கு ஏழாம் மாதம். "சாப்பிடு கண்ணு, பிள்ளைக்கு மூளை வளரும்" என்று பெட்டியைக் கையில் திணித்துவிட்டு வருவது மேவிஸின் வழக்கம். மறுவாரம் கெய்லின், "மஞ்சக்கரு என்ன நிறம் மேவிஸ், ஆரஞ்சுப் பழமாட்டம்!" என்பாள். அந்த ஒரு வரிக்காகவே மேவிஸ் வாரம் முழுக்கக் கோழிகளுக்கு நல்ல நல்ல புழுவாகத் தேடிப் போட்டார்.

தன் வாழ்நாளில் மரம் ஏற்றிய லாரியை முந்தாத மேவிஸ் அன்று நகரத்துக்குப் போகும் வழியில் இரண்டை முந்தினார். கதவைத் திறந்த கெய்லினிடம் நலம்கூட விசாரிக்கவில்லை.

"அந்த முட்டை... எத்தனை சாப்பிட்டே?"

கெய்லின் முகம் சிவந்தது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லித் தொலையேன்!"

"ஒண்ணுகூட இல்ல. அந்த ரோட்டுல இருந்து எது வந்தாலும் எனக்கு பயம். நீங்க ஆசையா கொண்டாறீங்க, மூஞ்சிக்கு நேரா எப்படி வேணாம்னு சொல்றது?"

வேறொரு நாளாக இருந்தால் மேவிஸ் அந்த அவமானத்தை மூன்று தலைமுறைக்குச் சொல்லியிருப்பார். இன்றைக்கு அங்கேயே செருப்புப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "பொய் சொன்னியா? நல்லா பண்ணினே. தங்கம்டி நீ. நல்ல பொய்யி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் உறைத்தது.

"அப்போ ஆரஞ்சுப் பழம்னியே?"

"டுவைட் சொன்னதுங்க. தீர்ற வரைக்கும் காலையில மூணு உடைச்சு ஊத்திப்பான். உங்க முட்டைன்னா அவனுக்கு உசுரு."

திரும்பி வரும்போது மேவிஸ் ஒரு லாரியையும் முந்தவில்லை.

முட்டைகள் சோதனைக்குப் போயிருக்கின்றன. முடிவு வரவில்லை. கோழிகள் இப்போது கேன் தண்ணீர் குடிக்கின்றன. பக்கத்து வீட்டு ஹோமர், "உன் கோழிங்க வசதி வந்ததும் ஆளே மாறிப்போச்சு, என்னைப் பாத்தா மதிக்கறதே இல்ல" என்று வேலிக்கு அந்தப்பக்கமிருந்து வம்பிழுக்கிறார். மேவிஸ் கேனைச் சாய்த்துத் தட்டை நிரப்புகிறார். பேருந்தில் ஏறும் பிள்ளைகளின் தோலை, கண்ணை, நகத்தைக்கூட உற்று உற்றுப் பார்க்கிறார். எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது.

போன ஞாயிறு டுவைட் வந்து வெளிக்குழாயைக் கழற்றி வாயை அடைத்தான். மின்கம்பம் ஏறும் வேலை. தோள் அகலம், நல்ல சிவந்த நிறம். நோய்க்கு இவனைத் தெரியாது என்று எவரும் சொல்லும் உடம்பு. லோவெலுக்கும் அதே உடம்புதான். சமையலறைக்குள் வந்து கை கழுவினான்.

"ரத்தம் குடுத்துப் பாக்கச் சொன்னாங்களே, போனியா?"

"போகல. பாத்துட்டு என்னம்மா பண்றது? ரத்தத்தக் கழட்டி வேற மாட்டவா முடியும்?"

"உங்கப்பாவும் இப்படித்தான்டா பேசினாரு."

டுவைட் குவளையை எடுத்துக் குழாயில் பிடித்துக் குடித்தான். மேவிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"கேன்ல இருக்குடா! அதக் கொட்டு!"

"இது சுத்தமான தண்ணிம்மா. சோதிச்சுட்டாங்க." பாதிக் குவளையில் நிறுத்திச் சிரித்தான். "அசுத்தமானத பதினெட்டு வருஷம் ஊத்தி ஊத்திக் குடுத்தியே, அப்ப ஒரு தடவையாவது கொட்டச் சொன்னியா?"

வேடிக்கைக்குத்தான் சொன்னான். சொன்னபின் அவனுக்கே அது வேடிக்கையாகப் படவில்லை. "அம்மா, நான் சும்மா..." என்று ஆரம்பித்தான்.

மேவிஸ் கையை நீட்டினார். குவளை எங்கே போகும் என்று டுவைட்டுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று கொடுத்தான். மேவிஸ் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கவில்லை. முகரவில்லை. மகன் வாய் வைத்த பக்கமாகவே தன் வாயை வைத்து, மீதிப் பாதியை மடக் மடக்கென்று அடிவரை குடித்தார்.