மூக்கைப் பிடித்துக் கூப்பிட்ட மான்

அல் கூஸில் மூன்று கிடங்கு, பர் துபாயில் இரண்டு மளிகைக் கடை, அல் கோபாரில் மச்சான் பேரில் ஒரு சாப்பாட்டுக் கடை, ஊரில் ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகை வாங்காத மண்டபம் ஒன்று. இவ்வளவும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் கட்டியது. கடை வைத்த முதல் கோடையிலேயே குளிர்பெட்டி கெட்டு சரக்கு அத்தனையும் நாறியது. கூட்டாளி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனான். விசாவுக்குப் பொறுப்பேற்கிற கஃபீல் இரண்டு முறை மாறினார். கொரோனா வந்து கிடங்கைப் பூட்டியபோது, படித்த ஆட்கள் எல்லாரும் விற்றுவிடுங்கள் என்றார்கள். நான் விற்கவில்லை. இன்று அவர்களில் இரண்டு பேர் என்னிடம்தான் டியூட்டி பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் என் பேரப்பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு மானை என் குரலாலேயே என் முன்னால் வரவழைத்தேன் என்று சொன்னால் மட்டும் சிரித்துவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

என் வாப்பா துபாயில் கடல் ஓடைக் கரையில் ஓர் அரபி வீட்டுச் சமையல்காரர். முதலாளியை அங்கே அர்பாப் என்பார்கள். எங்கள் அர்பாப் பிறந்தது ஆப்பிரிக்கக் கரையில். அவருடைய பாட்டன், முப்பாட்டன் எல்லாம் அங்கே கிராம்பு வியாபாரம் செய்தவர்கள். அரபியில் கோபப்படுவார், ஸ்வாஹிலியில் சிரிப்பார், எங்களிடம் உடைந்த ஹிந்தியில் பேசுவார். குளிர்காலம் வந்தால் பிறந்த மண்ணுக்குப் போய் வேட்டையாடிவிட்டு வருவார். வாப்பாவும் கூடப் போயாக வேண்டும். சமைக்க மட்டும் அல்ல. சுடப்பட்டது மூச்சோடு இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் அர்பாப் வாயில் வைப்பார். அந்தக் கத்தியை வாப்பா தவிர வேறு ஒருவர் கையில் கொடுக்க மாட்டார்.

நான் ஊரில் பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடி ஓடி உம்மாவைப் படுத்தியதால், ‘உங்ககூடவே வெச்சிக்கிடுங்க’ என்று உம்மா என்னை வாப்பாவோடு அனுப்பிவிட்டது. கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியோடு உம்மா ஊரில். நானும் வாப்பாவும் அர்பாப் வீட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒற்றை ரூமில். அந்தக் காலத்தில் ஒரு பொடியனைக் கொண்டுவர அர்பாபின் ஒரு வார்த்தை போதும். பெண்டாட்டியைக் குடும்பமாக அழைத்துவர வேண்டுமென்றால் விசா வேண்டும், தனி வீடு வேண்டும். இரண்டுக்கும் அவர் மனசு வைக்க வேண்டும்.

எனக்குச் சின்ன வயதிலேயே மூக்கால் வரும் குரல். ஊரில் அதைச் சொல்லித்தான் கேலி செய்வார்கள். துபாயில் அது எனக்குப் பிழைப்பாகிவிட்டது. அர்பாப் வீட்டுப் பின்கட்டில் ஆடுகள் கட்டிக் கிடக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குட்டி மாதிரி ஒரு சத்தம் கொடுத்தேனானால், ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடிவரும். ஒரு நாள் அர்பாப் மாடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டார். அடி விழும் என்று ஒடுங்கி நின்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வல்லாஹி! இந்த வலத் நம்மகூட ஆப்பிரிக்கா வர்றான். கல்லாஸ்!”

வலத் என்றால் பையன். கல்லாஸ் என்றால் முடிந்தது, மேலே பேச்சில்லை.

விமானத்தில் வாப்பா என் காதோடு சொன்னார்கள்: “வேட்டையில இருக்கும்போதுதான் அர்பாபுக்கு மனசு குளுந்து இருக்கும். அப்ப பாத்து உம்மாவுக்கு விசா கேக்கப்போறேன். நீ நல்லபடியா கத்து, என்ன?”

“கத்துனா உம்மா வந்துருமா வாப்பா?”

“கத்திப் பாரேன்.”

அது எந்த நாடு என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. செம்மண், முள்ளுப் புதர், காலையில் எலும்பைத் துளைக்கும் குளிர். அங்கே ஒரு சின்ன மான் உண்டு. நம் வெள்ளாட்டங்குட்டி உயரம்தான் இருக்கும். ‘பா’ என்பார்கள். புதருக்குள் இருந்தால் கண்ணுக்கே அகப்படாது. தேடிப்போனால் ஓடிவிடும். அதனால் வேட்டைக்காரர்கள் அதைத் தேடுவதில்லை, கூப்பிடுகிறார்கள். காற்று நம் முகத்தில் படுகிற மாதிரிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மூக்கை இரண்டு விரலால் பிடித்து, குட்டி மாட்டிக்கொண்டு அலறுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு சும்மா இருக்க வேண்டும். பிறகு இன்னொரு சத்தம்.

அர்பாபுக்கு வழக்கமாகக் கூப்பிட்டுக் கொடுக்கிற ஆள் அந்த ஊர் வாலிபன் ஒருவன். பனைமரம் மாதிரி உயரம், எப்போதும் வாயில் ஒரு குச்சி. நான் கத்திக் காட்டியதும் தரையில் உட்கார்ந்து சிரித்தான். என்னமோ சொன்னான். அர்பாப் எனக்கு ஹிந்தியில் எடுத்துச் சொன்னார்.

“இது துபாய் ஆடு, ஏசி ரூம்ல வளந்ததுங்கிறான்.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அவன் கத்துவதைக் காது கொடுத்துக் கேட்டேன். அவனுடையது மெல்லிசு, நுனியில் உடைந்து முடிகிறது. சாயங்காலத்துக்குள் பிடித்துவிட்டேன். அவன் வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது. நான் மிகைப்படுத்திச் சொல்கிறவன் இல்லை, விழுந்தது.

மறுநாள் காலை என்னைத்தான் கூப்பிடச் சொன்னார் அர்பாப். ஒரு கிடா வந்தது. குத்தூசி மாதிரிச் சின்னக் கொம்பு. காலைத் தூக்கி, நின்று, மோந்து, இன்னும் ஓர் அடி வைத்து, வேண்டாத வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறவன் மாதிரி வந்தது. தூரத்தில் இருக்கும்போதே அர்பாப் சுட்டுவிட்டார். வாப்பா கத்தியோடு ஓடி, மூச்சு அடங்குவதற்குள் அறுத்தார்கள். அர்பாப் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். அது என் மூக்கு வரைக்கும் இறங்கியது.

அன்று சாயங்காலம் கறியைப் பரிமாறிக்கொண்டே வாப்பா கேட்டுவிட்டார்கள். அர்பாப் எலும்பை உறிஞ்சியபடி யோசித்தார்.

“நாளை மத்தியானம் என் சிநேகிதர்கள் வர்றாங்க. இந்தப் பையனைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கேன். அவங்களுக்கு இன்னொண்ணு வேணும். அது கிடைக்கட்டும், அப்புறம் இன்ஷா அல்லாஹ் உன் வீட்டுக்காரிக்குப் பேப்பர் போடச் சொல்றேன்.”

வாப்பா என் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் உயர்த்திக் காட்டினார்கள். உம்மாவுக்கும் துபாய்க்கும் நடுவில் ஒரே ஒரு மான்தான் பாக்கி என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அர்பாப் துப்பாக்கியோடு முன்னால், நான் அவருக்குப் பக்கத்தில், எனக்கு ஓரமாக வாப்பா கத்தியோடு. உயரக்காரன் கடைசியில். கத்தினேன். ஒன்றும் இல்லை. இடம் மாறி உட்கார்ந்து கத்தினேன். காற்றுதான் வந்தது. வெயில் ஏறியது. வேறு பக்கம் போகலாம் என்று உயரக்காரன் கை காட்டினான். அர்பாப் கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினேன். அந்தச் சத்தம் நான் பழகியது இல்லை. நெஞ்சுக்கு அடியிலிருந்து ஏறி, மூக்கில் அடைத்து, உடைந்து வந்தது. எனக்கே கண்ணில் தண்ணீர் முட்டியது. கஷ்டப்பட்டுக் கத்தினால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். உயரக்காரன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

வந்துவிட்டது. கிடா வந்த மாதிரி வரவில்லை. ஓடி வந்தது. முள்ளைப் பார்க்கவில்லை, வாடையைப் பார்க்கவில்லை. புதர்களைக் கிழித்துக்கொண்டு நேராக எங்கள் முன்னால் வந்து நின்றது. கை நீட்டினால் எட்டும்போல் இருந்தது. தலையில் கொம்பு இல்லை. காது இரண்டும் என் பக்கம். விலா ஏறி ஏறி இறங்கியது. எங்கே, எங்கே என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தது. அவ்வளவு கிட்டே வரும் என்று எதிர்பார்க்காத அர்பாப் துப்பாக்கியைத் தாழ்த்தி மறுபடி குறி வைக்க வேண்டியிருந்தது.

அப்போது வாப்பா கனைத்தார்கள்.

அது தொண்டைக் கமறல் இல்லை. எங்கள் பக்கம், பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் நுழையும் ஆம்பிளை வாசலில் நின்று ஒரு கனைப்புக் கொடுப்பார். ஆள் வருகிறேன், ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அந்தக் கனைப்பு. மான் ஒரே தாவில் மறைந்தது. துப்பாக்கி வெறும் புதரைச் சுட்டது.

“மஜ்னூன்!” என்று கத்தினார் அர்பாப். பைத்தியக்காரன் என்று அர்த்தம். “என்ன செஞ்சே நீ?”

“தொண்டையில தூசி, அர்பாப்.”

“நேத்து இந்தத் தூசி எங்கே போச்சு?”

வாப்பா கத்தியை உறையில் போட்டுக்கொண்டார்கள். மத்தியானம் வந்த சிநேகிதர்கள் டப்பா மீன் சாப்பிட்டார்கள். சமையல்காரனுக்கு இருமல் என்று அர்பாப் சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். பேப்பரைப் பற்றி அன்றும் பேச்சில்லை, துபாய் திரும்பிய பிறகும் பேச்சில்லை. மறு வருடம் வேட்டைக்கு வேறு சமையல்காரன் போனான்.

நான் வாப்பாவோடு பேசவில்லை. அன்று காட்டிலிருந்து ஜீப்பில் திரும்பும்போது அவர்களாகத்தான் ஆரம்பித்தார்கள்.

“மடிய பாத்தியா மவனே? பாலு கட்டி நின்னுச்சு. குட்டிய எங்கயோ புதருல படுக்க வெச்சிட்டு ஓடியாந்திருக்கு.”

“அதுக்கு? உம்மா விசா போச்சுல்ல? நான் கூப்புட்டேன், நீங்க வெரட்டிட்டீங்க.”

வாப்பா என் தலையிலிருந்த அர்பாபின் தொப்பியைச் சரிசெய்துவிட்டார்கள். நான் அதைத் தட்டிவிட்டேன்.

உம்மாவைத் துபாய்க்கு அழைத்துவந்தது நான். என் சொந்த விசாவில், நான் வாடகை கொடுத்த பிளாட்டுக்கு. அதற்குள் தங்கச்சிக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. வந்த அன்று சாப்பாட்டின்போது, இத்தனை வருடம் தாமதமானது யாரால் தெரியுமா என்று நான் இந்தக் கதையை எடுத்து விட்டேன். வாப்பா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. உம்மா கடைசி வரைக்கும் கேட்டது. பிறகு வாப்பா தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தது.

“நல்லாத்தான் இருமுனிய. அதச் சுட்டு வர்ற விசாவுல வந்திருந்தா எனக்கு இங்கெ சோறு எறங்கியிருக்குமா?”

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது வாப்பா கதை. வாப்பா மவுத்தான பிறகும், ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் தங்கச்சி அந்தக் கனைப்பைச் செய்து காட்டி அழும். மருமகன்கள் சுபஹானல்லாஹ் என்பார்கள். தங்கச்சிக்குக் காக்கா, அதாவது அண்ணனான நானும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வயதில் எனக்கு விளங்காதது இதுதான். மான் என் திறமைக்கு வந்தது என்று நினைத்தேன். கிடா வேண்டுமானால் அப்படி வந்திருக்கலாம். என்ன சத்தம் என்று பார்க்க வந்தது, சுடப்பட்டது. பின்னால் வந்தது சத்தத்தைக் கேட்டு வரவில்லை, அழுகையைக் கேட்டு வந்தது. நான் குட்டி மாதிரிக் கத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது. அந்தப் புதருக்குப் பின்னால் அது தெரிந்த ஒரே ஆள் வாப்பா. பெற்ற பிள்ளை தாயைத் தேடி அழுவதைக் காதால் கேட்டுக்கொண்டு, இன்னொரு தாய் ஓடிவந்து நிற்பதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று நடக்காது. யோசிக்க அவகாசமும் இல்லை. அர்பாபின் விரல் துப்பாக்கியின் குதிரையில் இருந்தது.

வாப்பா செய்ததில் எனக்கு இன்று மனத்தாங்கல் கிடையாது. ஆனால் நியாயம் ஒன்று இருக்கிறது. முந்தின நாள் கிடா எட்டத்திலேயே சுடப்பட்டது. இதுவும் எட்டத்தில் நின்றிருந்தால் வாப்பாவுக்கு மடி தெரிந்திருக்குமா? அறுக்கப் போன இடத்தில்தான் பாலைப் பார்த்திருப்பார்கள். மடி கண்ணில் படுகிற தூரத்துக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? உயரக்காரனா? அர்பாபா? என் குரல். அந்தப் பெண்மானும் அதன் குட்டியும் பிழைத்ததில் பாதி வாப்பாவுக்கு, பாதி எனக்கு. வருகிற பெருநாளைக்குத் தங்கச்சி கனைத்துக் காட்டுவதற்கு முன்னால், மானைக் கூப்பிட்டது காக்கா என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அழட்டும்.