கவுன்சலரிடம் ‘எல்லாம் ஓகே’ என்றேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஓசூரில் நடந்தது இது. நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறோம். நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

ஒருநாள் காலை கம்பெனி பஸ் கேட்டை நெருங்கும்போது எனக்கு மூச்சு அடைத்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கை சில்லிட்டுப் போனது. அடுத்த வாரமும் அதே கதை. அப்புறம் பஸ் ஏறவே பயமாகிவிட்டது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, ஒரு கவுன்சலரைப் போய்ப் பாருங்கள் என்றார். என் வீட்டுக்காரரோ பேசாமல் வேலையை விட்டுவிடு என்றார். லீவும் தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். லைனில் நின்று பாகம் பொறுக்கியவள், இன்று சப்ளையர் கம்பெனிகளுக்குப் போய்த் தரம் சரியா என்று ஆடிட் செய்கிறேன். அதை எப்படி விடுவது?

கவுன்சலர் என்றால் புத்திமதி சொல்வார், மாத்திரை எழுதுவார் என்றுதான் நினைத்துப் போனேன். இரண்டும் இல்லை. என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கன்னடம் கலந்த தமிழ். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, இங்கே பேசுவது வெளியே போகாது என்றார். வாரம் ஒருமுறை வர வேண்டும், ஒரே நாளில் சரியாகாது, சில நாள் பேசிவிட்டுப் போனால் மனசு இன்னும் பாரமாகக்கூட இருக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பிறகு கேள்விகள். நான் பழக்க தோஷத்தில், எங்களிடம் பாகம் வாங்குகிறவர்கள் வந்து சோதிக்கும் கஸ்டமர் ஆடிட்டுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னேன். எங்கள் கம்பெனியில் அதற்கென்று ஒரு முறை உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக் கூடாது, கேட்காத அலமாரியைத் திறந்து காட்டக் கூடாது. தூக்கம்? ஓகே. வீட்டில்? பிரச்சனை இல்லை. சமீபத்தில் ஏதாவது இழப்பு? அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது, வயதானவர். முடிந்தது. வெளியே காத்திருந்த வீட்டுக்காரரிடம், ஒன்றும் இல்லையாம் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை.

அடுத்த முறை அவர் என் பிரச்சனையைப் பற்றியே கேட்கவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குக் குஷி. ஆடிட்டுக்குப் போகிற இடத்தில் எப்படித் தப்பு பிடிப்பேன் என்று அளந்துகொண்டே போனேன்.

“எல்லாமே ஓகேன்னு ஒருத்தர் வேகமா சொன்னா என்ன பண்ணுவீங்க?” என்றார்.

“அங்கதாங்க மேடம் மொதல்ல பாப்பேன்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அவ்வளவு நேரம் யாரும் எனக்காகச் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. பிறகு நானாகவே சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிஃப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். அப்பா போன அன்று வாங்கிப் பார்த்தபோது அப்பா நம்பரிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். உத்தனப்பள்ளி பக்கத்தில் எங்கள் தக்காளித் தோட்டத்தில் அவருக்கு மார்வலி வந்திருக்கிறது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போது வெட்கமில்லாமல் அழுதேன்.

கூப்பிட்டது அப்பாவேதானா என்று அந்த அம்மா கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்போது அப்பா கூட இருந்த என் தம்பியிடம் ஒரு வருடமாக அதைக் கேட்கவே இல்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்தான். கேளுங்கள் என்றும் அவர் சொல்லவில்லை. கேட்டால் தாங்க முடியுமா என்று யோசித்து, முடியும் என்று தோன்றும்போது கேட்கலாம் என்றார்.

தோன்றுவதற்குச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் மூச்சை எப்படி மெல்ல விடுவது என்று பழகினேன். வீட்டுக்காரர் பைக்கில் கேட் வரை கொண்டுவந்து விட்டார். நடுவில், இதெல்லாம் வெட்டி வேலை என்று ஒரு வாரம் போகாமலும் இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தம்பியிடம் கேட்டேவிட்டேன்.

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். முதலில் கூப்பிட்டது அப்பாதான், பிறகு பதறிப்போய்த் திரும்பத் திரும்பத் தானே கூப்பிட்டதாகச் சொன்னான்.

“நீ எடுக்கலன்னு நான் மறுபடியும் போடறப்ப, ‘விட்றா, அது டூட்டில இருக்கும்’னாரு அக்கா. கோவமா சொல்லல.”

அவனும் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று பயந்திருக்கிறான். இரண்டு பேரும் வாய்க்கால் ஓரமாகவே உட்கார்ந்து அழுதோம்.

இப்போதும் தினமும் கேட்டில் போனைக் கொடுக்கிறேன். சில நாள் கை தயங்கத்தான் செய்கிறது. ஆனால் என் அப்பா என்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்னிடம் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனதே, ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டதால்தானே என்று நினைத்தால், இன்றைக்கும் மனசு ஆறவில்லை.