பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ

ஐம்பது கிலோ மாவு மூட்டையைத் தோளில் ஏற்றும்போதும் அவர் வாய் ஓயாது. "வழி விடு, வழி விடு. இடிச்சா நீதான் மாவாயிடுவ." பேக்கரியில் எல்லோருக்கும் அவர் கிரேன் அக்கா. வயது முப்பத்தாறு. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அதே பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள் நான்.

அவருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. மாதவிலக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தாடையில் முளைக்கும் முடியை மதிய இடைவேளையில் டெலிவரி வேனின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பிடுங்குவார். யாராவது உற்றுப் பார்த்தால், "என் தாடை, என் முடி. உனக்கு எங்க வலிக்குது?"

அவர் பருமனைப் பார்த்து ஊரெல்லாம் 'சாப்பாட்டைக் குறை, வாயைக் கட்டு' என்றது. அதைக் கேட்கும்போதெல்லாம் தலை குனிவது அவருடைய அம்மாதான். "வயித்துல இருந்தப்ப நான் சரியாச் சாப்பிடல. அதான் இவளுக்கு இப்படி."

போன மாதம் மருத்துவமனையில் ஓர் ஆய்வு. நீர்க்கட்டி உள்ள பெண்களை அழைத்துப் பிறந்த எடையைக் கேட்டார்கள். அம்மா பழுப்பேறிய அட்டையைத் தேடி எடுத்தார்: ஒன்றே முக்கால் கிலோ. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவர்போல உடன் வந்தார். துணைக்கு நானும் போனேன்.

அக்காவை எடை பார்த்த நர்ஸ் வரிசைக்கே கேட்கும்படி கத்தினார்: "தொண்ணூத்தி மூணு!" யாரோ சிரித்தார்கள்.

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க சிஸ்டர். கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்கல போல."

அக்கா சொன்னதும் சிரிப்பு அடங்கியது.

உள்ளே ஒரு கருவி அவர் உடம்பின் கொழுப்பையும் தசையையும் தனித்தனியே அளந்து காட்டியது. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு அதிகம்தான். சர்க்கரையைக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். தோளிலும் காலிலும் இருந்த தசையின் அளவைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன வேலை செய்யறீங்க?"

"உங்களையும் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கற வேலை சார்."

அம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "நான் பண்ணின தப்புதானே டாக்டர்?"

"பிறந்த எடைக்கும் இந்த உடம்புக்கும் தொடர்பு இருக்கான்னே இன்னும் தேடிட்டுதான் இருக்கோம்மா. இருந்தாலும் அது எப்படி உங்க தப்பாகும்?"

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினார். "காதுல விழுந்துச்சா? ஒண்ணே முக்கா கிலோவப் பொழைக்க வெச்சவ நீ. இனிமே எவன் முன்னாடியும் தலை குனியாத. என் உடம்புக்கு நானே பதில் சொல்லிக்கறேன்."

அம்மா அங்கேயே அழுதார். அழட்டும் என்று அக்கா விட்டுவிட்டார்.

வெளியே வந்தபோது, கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி ஒரு பெண் எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். நர்ஸ் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா குறுக்கே போய், வரிசைக்கு முதுகைக் காட்டி அகலமாக நின்றுகொண்டு, மேசையில் எடைப் பதிவேட்டின் மேல் இருந்த பேனாவை எடுத்து நர்ஸின் கையில் வைத்தார்.